எத்தனை நாளைக்கு என்று எழுதாத சீட்டு

ஐந்தாம் வருடம் படிக்கும்போது ஆறு மாதம் நான் ஒரு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் வாசலுக்கும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை நிறுத்தி, கையில் இருக்கும் சீட்டை வாங்கி, அதில் எழுதியிருக்கும் மருந்துகளை என் படிவத்தில் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகும். மருந்து ஜன்னலில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் பலர் நிற்கமாட்டார்கள். சிலர் நான் ஏதோ மருந்து மாற்றிக் கொடுக்கப்போகிறேன் என்று நினைத்து, உட்கார்ந்து எல்லாக் கதையும் சொல்வார்கள்.

நான் படித்தது மருத்துவம் இல்லை. மருந்துகளைப் பற்றிய ஆறு வருடப் படிப்பு. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஊசி போட முடியாது, சீட்டு எழுத முடியாது. இதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அம்மா விளக்க விரும்பியதும் இல்லை. என் பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று எங்கள் ஊர் வெள்ளானூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. அம்மாவிடம் போய், நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஆய்வுத் தலைப்புகளைப் பங்கு போட்டபோது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் கேட்டு வாங்கியவர்களுக்குப் போய்விட்டன. கடைசியில் எனக்கு மிஞ்சியது இது. காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கு டாக்டர்கள் மருந்து எழுதும் முறை. ஒரு சீட்டில் எத்தனை மருந்து, பொதுப் பெயரில் எழுதினார்களா கம்பெனிப் பெயரிலா, ஆன்டிபயாடிக் இருக்கிறதா, எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாளைக்கு. படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அந்த நாற்காலியில் உட்காருவதற்கு மருத்துவமனையிடம் அனுமதி வாங்கவே அவருக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர்கள் தங்கள் சீட்டை வேறு ஒருத்தர் பார்ப்பதை விரும்பமாட்டார்கள், ஒரு புகார் வந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்றார். "நாம பார்க்கிறவங்க, வைத்தியம் பண்றவங்க இல்ல. யாராவது சந்தேகம் கேட்டா, டாக்டரைப் போய்க் கேளுங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே." நான் சரி மேடம் என்றேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவர் சொன்னபடி முழுதாகச் செய்திருந்தால்கூட இதை எழுத வேண்டி வந்திருக்காது.

மருத்துவமனை பூந்தமல்லியைத் தாண்டி இருந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்ததால், ஆவடியிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் அலுத்துவிடும். நோயாளிகள் அதிகமும் மருத்துவமனை வேனில் வருகிறவர்கள். கல்லூரிக்கு நோயாளிகள் வேண்டும் என்பதற்காக வேன் ஊர் ஊராகப் போய், வேப்பம்பட்டு வரைக்கும் போய், ஆட்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு வந்து, மதியம் திரும்பக் கொண்டுவிடும். மதிய வேன் கிளம்புவதற்குள் எல்லாரையும் பார்த்து முடிக்க வேண்டும். உள்ளே மேல்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர்கள் இரண்டு பேர். ஒரு நோயாளியின் காதில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளி நுழைந்துவிடுவார்.

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வந்தாள். எங்கள் தெருவுக்குப் பின்னால், வாய்க்கால் பக்கத்து வரிசை வீடுகளில் இருப்பவள். எஸ்டேட்டில் ரப்பர் வளையங்கள் அழுத்தும் மெஷினில் வேலை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கம்பெனி பஸ்ஸுக்கு அவள் ஓடுவதைக் காலையில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீ நம்ம டேங்க் தெரு பொண்ணு தானே? டாக்டருக்குப் படிக்குதுன்னு உங்கம்மா சொல்லிகினு இருந்துச்சே."

ஆமாம் அக்கா என்றேன். சீட்டை நீட்டினாள். இடது காதில் பல வருடங்களாகச் சீழ் வந்து வந்து நிற்கிறதாம். இந்தத் தடவை நாற்றமும் சேர்ந்துகொண்டது, பக்கத்தில் நிற்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதனால்தான் ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வந்தேன் என்றாள். சீட்டில் டாக்டர் ஒரு வட்டம் போட்டு அதற்குள் இன்னொரு சின்ன வட்டம் வரைந்திருந்தார். பெரிய வட்டம் செவிப்பறை, சின்னது அதில் இருக்கும் ஓட்டை. காது டாக்டர்கள் எல்லாரும் இப்படி வரைவார்கள். கீழே ஒரு மாத்திரை, ஐந்து நாளைக்கு. ஒரு சொட்டு மருந்து, மூன்று சொட்டு, மூன்று வேளை. அதோடு முடிந்திருந்தது. எத்தனை நாளைக்கு என்பது சொட்டு மருந்துக்கு எழுதப்படவில்லை. நான் என் படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதினேன். அன்று காலையிலிருந்து அப்படி எழுதிய ஏழாவதோ எட்டாவதோ படிவம் அது. ஆய்வுக்கு இது நல்ல விஷயம் என்று ஒரு சின்ன உற்சாகம்கூட இருந்தது எனக்கு. எல்லாம் சரியாக இருந்தால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை.

"இத்த எத்தினி நாளிக்கு உடணும்? அவுரு ஒண்ணும் சொல்லலியே."

டாக்டரைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு முன்னால் இருபது பேராவது நின்றிருந்தார்கள். வெளியே வேன் டிரைவர் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். எனக்குப் பின்னால் நான்கு பேர் சீட்டோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களை நிறுத்த வேண்டுமே என்ற கவலை எனக்கு.

"சீழ் நிக்கிற வரிக்கும் உட்டுகினே இருக்கட்டா?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல், நன்றாகத் தெரிந்த ஒருத்தி ஆட்டுவதுபோல ஆட்டினேன். அவள் நிம்மதியாகப் போனாள்.

அன்று சாயங்காலம் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்தச் சொட்டு மருந்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தேன். ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. மூன்றாம் வருடப் பாடத்தில் படித்ததுதான். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது இந்த வகை மருந்து உள்காது வரைக்கும் போய், நாள்கணக்கில் போட்டால் கேட்கும் நரம்பையும், உடம்பை நிலையாக வைத்திருக்கும் பகுதியையும் கெடுத்துவிடக்கூடும். அந்த வரிசையை மஞ்சள் நிறத்தில் அடையாளம் போட்டேன். மறுநாள் மேடத்திடம் காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். சீழ் நிறைய இருக்கும்போது சில நாளைக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு, அதைத் தப்பென்று சொல்லிவிட முடியாது, ஆனால் நாள் எழுதாததுதான் தப்பு, ஆய்வின் கடைசிப் பகுதியில் இதைச் சேர்த்துக்கொள் என்றார்.

அந்த அக்கா என்னிடம் கேட்டாள், நான் தலையாட்டினேன் என்பதை நான் மேடத்திடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அந்த ஞாயிறு அத்தை வீட்டு விசேஷம். அடுத்த வாரம் பருவத் தேர்வு. அதற்கடுத்து, இந்நேரம் மருந்து பாட்டில் தீர்ந்திருக்கும், சீழும் நின்றிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பத்து நாளில் மறந்துபோனேன். இதில் பெரிய காரணம் எதுவும் கிடையாது. தெருவில் ஒருமுறை தூரத்தில் அவளைப் பார்த்தபோதுகூட, நன்றாகத்தானே போகிறாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

படிவங்கள் சேர்க்கும் வேலை முடிய ஒரு வாரம் இருந்தது. வேனிலிருந்து இறங்கியவர்களில் ஒரு பெண் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தாள். தரை ஈரமாக இருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. நெருங்கி வந்த பிறகுதான் அந்த அக்கா என்று தெரிந்தது. இந்தப் பக்கம் வாங்க அக்கா என்றேன். அவள் திரும்பவில்லை. எழுந்துபோய்க் கையைத் தொட்டேன். அவள் முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொடுத்தாள்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை என்றாள். மெஷின் முன்னால் நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாளாம். பக்கத்து மெஷின்காரி பிடித்து இழுக்காவிட்டால் கை உள்ளே போயிருக்கும். சூப்பர்வைசர் உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். காதுக்குள் எந்நேரமும் ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தம். அவள் பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தாள். டாக்டர் கேட்டால் காட்டலாம் என்று காலி பாட்டில்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். ஒரே மருந்து. ஒன்பது பாட்டில். அவற்றோடு, மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன அந்தப் பழைய சீட்டு. சீழ் நிற்கும், பிறகு வரும், வரும்போதெல்லாம் ஜங்ஷன் மெடிக்கல் ஷாப்பில் அதே சீட்டைக் காட்டி வாங்கியிருக்கிறாள். சீட்டில் நாள் போடாததால் கடைக்காரரும் ஒவ்வொரு தடவையும் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சீட்டைக் கையில் வாங்கினேன். அதில் எது எழுதப்படவில்லை என்று பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அன்று உள்ளே இருந்தவர் வேறொரு டாக்டர். பாட்டில்களைப் பார்த்ததும் அவர் எழுந்துபோய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். காது கேட்கும் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு விரல் தூக்கிக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு மாற்றிய பிறகு, விரலை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று பார்ப்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

இடது காதின் நரம்பு நிறையப் பழுதாகியிருந்தது. சொட்டு மருந்தால் ஆகியிருக்கலாம், பல வருடச் சீழாலும் ஆகியிருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். முதலில் அந்த மருந்தை நிறுத்தச் சொன்னார். வேறு சொட்டு மருந்து எழுதினார். அதில் ஏழு நாள் என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

அன்று மதியமே மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியது உள்பட. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார். மருந்தால் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் நிரப்பி அனுப்பும் படிவம். நோயாளியின் வயது, மருந்து, எப்போது ஆரம்பித்தது, எப்போது நிறுத்தியது, என்ன ஆனது, காரணம் இந்த மருந்தாக இருக்க எவ்வளவு சாத்தியம். நான் நிரப்பினேன். யாரைக் கேட்டு இத்தனை நாள் போட்டார் என்பதற்கு அதில் இடம் இல்லை. இதைப் பற்றி நோயாளியிடம் நாமாகப் போய்ப் பேசுவது சரியல்ல, மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று மேடம் சொன்னார். அவர் பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்காகவும் சேர்த்துத்தான் பயந்திருப்பார்.

முதல் சீட்டை எழுதிய டாக்டரை இரண்டு நாள் கழித்து கேன்டீனில் பார்த்தேன். என்னைவிட நான்கைந்து வயது பெரியவராக இருக்கலாம். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் எதிரில் போய் உட்கார்ந்து, தீங்குப் படிவத்தோடு இணைக்க எடுத்திருந்த சீட்டின் நகலை முன்னால் வைத்தேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. என் சீட்டையெல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்றார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏழு நாள்னு வாயால சொல்லியிருப்பேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"எழுதலையே சார்."

அவர் நகலை இன்னொரு தடவை பார்த்தார். "எழுதலை" என்றார். அந்த அம்மாவின் முகம் தனக்கு ஞாபகம் இல்லை என்றார், அது அவரை மிகவும் கஷ்டப்படுத்தியதுபோல இருந்தது. அந்த ஓட்டையை வரைந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு நான் எழுந்து போய்விடலாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போது புரிந்தது. என்னையும் அந்தப் பெண் கேட்டாள், நானும் சரியாகச் சொல்லவில்லை சார் என்றேன். அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் கையெழுத்தில் வந்த எல்லாச் சீட்டிலும் நாள் இருந்தது. உள்ளே இருந்த இன்னொரு இளம் டாக்டரின் சீட்டுகள் பழையபடிதான் வந்துகொண்டிருந்தன.

மேடம் வேண்டாம் என்று சொல்லியும், நான் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் அவள் புருஷன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆவடிப் பக்கம் லாரி ஷெட்டில் வெல்டிங் வேலை செய்கிறவர். உள்ளே கூப்பிட்டார்கள். நான் அக்காவின் வலது பக்கமாக உட்கார்ந்து, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நீங்கள் சீழ் நிற்கும்வரை போடட்டுமா என்று கேட்டீர்கள், நான் தலையாட்டினேன், அன்று சாயங்காலமே அது தப்பென்று எனக்குத் தெரியும், வந்து சொல்லவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை ஆட்டினியா? எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல பாப்பா. டாக்டர் எழுதினாரு, கடைக்காரன் குடுத்தான், நான் உட்டுகினேன்."

நான்கு மாதமாக நான் சுமந்திருக்க வேண்டியதும், ஒரு வாரமாக மட்டும் சுமந்ததுமான அந்தத் தலையாட்டல் அவள் ஞாபகத்தில் இல்லவே இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் தலையாட்டாமல் இருந்திருந்தாலும் அவள் அப்படித்தான் போட்டிருப்பாளோ என்று நினைத்துப் பார்த்தேன். அது என்னை விடுவிக்கவும் இல்லை. நான் நிறுத்தியிருக்கலாமே.

பிறகு அவள் கேட்டாள். "அன்னிக்கு என் சீட்ட வாங்கி எழுதிகினு இருந்தியே, அது இன்னாத்துக்கு?"

படிப்புக்கு அக்கா என்றேன். டாக்டர்கள் எப்படி மருந்து எழுதுகிறார்கள் என்று பார்த்து, தப்பு இருந்தால் பின்னால் வருகிறவர்களுக்குத் திருத்துவதற்கு என்றேன். சொல்லும்போதே அந்தப் 'பின்னால்' என்ற சொல் எனக்குக் கேட்டது. அவள் ஓ என்றாள்.

அவள் புருஷன் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "நீ இப்போ சொன்னத எழுதிக் குடுப்பியாம்மா? உன் கையெழுத்து போட்டு?"

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேடத்தின் பெயர் வரும், அந்த டாக்டரின் பெயர் வரும், மருத்துவமனைக்குள் இனி எந்த மாணவியையும் விடமாட்டார்கள், என் படிப்பு என்ன ஆகும் என்று தெரியாது. கல்லூரியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அண்ணா என்றேன். அவர் தலையசைத்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்த்தார் என்று முகத்தில் தெரிந்தது.

கல்லூரியில் நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். ஒரு தாளில் தமிழில், பெரிய எழுத்தில், இடது காதுச் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, இன்னின்ன மருந்து கலந்த சொட்டுகளை இந்தக் காதில் போடக் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டவும் என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அவள் பரிசோதனை முடிவுகளின் நகலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் அதைப் படித்துவிட்டு, "இதுல உன் பேரு இல்லியேம்மா" என்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி போய்விடுவார். ஏன் அவர் நம்மிடம் முகம் கொடுப்பதில்லை என்று அம்மா இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் ஆய்வைப் பாராட்டினார். நாள் குறிப்பிடாத சீட்டுகளைப் பற்றிய பகுதி பயனுள்ளது என்றார். அந்த அக்கா அதில் ஒரு வரிசை எண். கடைசியில், உன் ஆய்வின் குறைபாடு என்று எதைச் சொல்வாய் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான், ஒரே மருத்துவமனையில் குறைந்த காலத்துக்கு மட்டும் செய்தது சார் என்றேன். அவர் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் தோழிகள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். நான் கை கழுவும் இடத்தில் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது அம்பத்தூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. வெளிநாடுகளில் மருந்து சாப்பிட்டுத் தீங்கு நேர்ந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் வரும். அவற்றைப் படித்து, பிரித்து, கட்டங்களில் ஏற்ற வேண்டும். நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள். காது சம்பந்தமான அறிக்கை வந்தால் எனக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது. மேலாளர் ஒருமுறை காரணம் கேட்டார். இரண்டு தடவை சரிபார்க்கிறேன் என்றேன்.

அந்த அக்கா பிறகு சென்னைக்குள் அரசு மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்டாள். ஓட்டையை மூடிவிட்டார்கள். சீழ் நின்றுவிட்டது. போன காது வரவில்லை. தலைசுற்றல் மெல்ல மெல்லக் குறைந்தது, உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும் என்று டாக்டர்கள் சொன்னபடியே. மெஷின் வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. எங்கள் பக்கம் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். குழந்தை அழுதால் எந்த அறையிலிருந்து என்று தெரியாமல் எல்லா அறைக்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாள்.

சென்ற மாதம் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது மெயின் ரோட்டில் அவளைப் பார்த்தேன். சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தாள். லாரிகள் இரண்டு பக்கமும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு காது போனதிலிருந்து, வண்டிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடுவதில்லை. வலதுபுறம் பார்க்கிறாள், இடதுபுறம் பார்க்கிறாள், காலை எடுத்துவைக்கிறாள், ஹாரன் கேட்டதும் பின்வாங்குகிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. நான் போய் அவள் கையைப் பிடித்தேன். யாரென்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு பேரும் கடந்தோம். அந்தப் பக்கம் போனதும், நேரமாயிடுச்சு பாப்பா என்று கையை விடுவித்துக்கொண்டு, குடியிருப்பு வாசலை நோக்கி வேகமாக நடந்தாள்.